இரண்டு பணமும் நூறு ரூபாயும்

தியானப் பகுதி: லூக்கா 10:30–37



இவ்வாரம் வேதபாகத்தைத் தியானிப்பதற்கு முன்னர் ஒன்றை உங்களிடம் அறிக்கையிட வேண்டியவனாயிருக்கிறேன்.

கடந்த ஐப்பசி மாதத்து மழைநாளொன்றில், இரவு பத்து மணியளவில், குருமனையின் வாயிற்கதவை ஒருவர் தட்டினார். ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். தோளில் ஒரு பை. தலைமுதல் கால்வரை நனைந்திருந்தார். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டதாகவும், விடியும்வரை ஆலயத் தாழ்வாரத்தில் படுத்துக்கொள்ள இடம் வேண்டுமென்றும் கேட்டார்.

அதற்கு முந்திய ஆண்டில் ஆலயத்தின் ஒலிபெருக்கிக் கருவிகள் களவுபோயிருந்தன. அதன் பின்பு, இரவு ஒன்பது மணிக்குமேல் வெளியார் எவரையும் வளாகத்துக்குள் அனுமதிப்பதில்லை என்று சபைச் சங்கம் தீர்மானித்திருந்தது. அத்தீர்மானத்தில் முதற் கையொப்பம் என்னுடையது. ஆகவே கம்பிக் கதவைத் திறவாமலே விதியை எடுத்துச் சொன்னேன். நூறு ரூபாய்த் தாள் ஒன்றைக் கம்பிகளின் வழியாக நீட்டி, பேருந்து நிலையத்தில் படுத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் அதை வாங்கிக்கொண்டு, "நல்லது ஐயா" என்று சொல்லிப் போய்விட்டார். நான் உள்ளே வந்து மறுநாள் பிரசங்கக் குறிப்பை எழுதி முடித்தேன்.

அன்றிரவு எனக்கு நல்ல நித்திரை வந்தது என்பதையும் மறைக்கலாகாது. உறுத்தல் பிந்தித்தான் வந்தது. வந்த பின்பு அது போகவில்லை. ஜெபிக்க முழங்காலிடும்போதெல்லாம் அந்தக் கம்பிக் கதவு கண்முன் நின்றது. கிறிஸ்து பிறப்பின் காலத்தில், பெத்லகேமில் இடமில்லாதிருந்த கதையைப் பிரசங்கிக்க எழுந்தபோது என் நா தடுமாறியது. நான் களைத்துப்போயிருக்கிறேன் என்று எண்ணிய என் துணைவியார், தை மாதத்தில் மூன்று நாள்களாவது எங்கேனும் போய் இளைப்பாறி வாருங்கள் என்று வற்புறுத்தினார். தரங்கம்பாடிக்குச் சென்றேன்.

தமிழ்ச் சுவிசேஷத் திருச்சபைகளுக்குத் தரங்கம்பாடி தாய்வீடு போன்றது. 1620 ஆம் ஆண்டில் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரோடு உடன்படிக்கை செய்துகொண்டு, தேனியர் அங்கே டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1845 இல் ஆங்கிலேயருக்கு விற்கப்படும்வரை அவ்வூர் அவர்கள் வசமே இருந்தது. இன்றும் ஊர்வாயிலைக் கடந்து உள்ளே நடந்தால், ஒருபுறம் பழைய ஆலயங்களும் மாளிகைகளும், மறுபுறம் வலை உலர்த்தும் மணலும் படகுகளுமாக இரண்டு உலகங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. கடல் மாத்திரம் இரண்டுக்கும் பொது.

நான் தங்கியது பழைய தெருக்களுள் ஒன்றில், ஒரு குடும்பத்தார் தம் வீட்டிலேயே நடத்தும் விடுதி. கட்டடம் நூறாண்டைத் தாண்டியது. வாசலில் இருபுறமும் திண்ணை, வழவழப்பான மரத் தூண்கள், உள்ளே முற்றம், முற்றத்தைச் சுற்றி நான்கு அறைகள். எழுபத்தைந்து வயதைக் கடந்த ஓர் அம்மையாரும், அவருடைய மகனும் மருமகளும், கல்லூரியில் படிக்கும் பேத்தியும் அதை நடத்துகிறார்கள். அவர்கள் நம் விசுவாசத்தார் அல்லர். மாலையில் மாடத்தில் விளக்கேற்றி, அந்த அம்மையார் கைகூப்பி நிற்பார். மகன் விடியற்காலையில் கரைக்குப் போய், அப்பொழுதுதான் இறங்கிய மீனை ஏலத்தில் எடுத்துக்கொண்டு வருவார். சங்கராவோ நெத்திலியோ, அன்று கடல் எதைக் கொடுத்ததோ அதுவே விருந்தினருக்கும் வீட்டாருக்கும் குழம்பு. இரண்டு சமையல் அங்கே இல்லை.

விடுதி எவ்வாறு தொடங்கியது என்று முதல் நாள் மாலையில் கேட்டேன். திண்ணையில் அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தவாறே அம்மையார் சொன்னார். முன்பு மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு இரயில் வந்துகொண்டிருந்தது. 1986 இல் அது நின்றுபோயிற்று. இரயில் ஓடிய காலத்தில், இரவு வண்டியில் வந்து இறங்கிப் போக்கிடமில்லாதவர்கள் அந்தத் திண்ணையில் படுத்துக்கொள்வார்களாம். அவருடைய மாமனார் அவர்களுக்குச் சோறும் தண்ணீரும் கொடுப்பாராம். சும்மா உண்ணக் கூச்சப்பட்ட ஒருவர் கட்டாயப்படுத்திப் பணம் வைத்துவிட்டுப் போனார். அப்படியே ஓர் அறை, பின்பு இரண்டு அறை என்று விடுதியாயிற்று.

"திண்ணையில் படுப்பவர்கள் எதையும் எடுத்துக்கொண்டு போனதில்லையா, அம்மா?" என்று கேட்டேன். கேட்டது என் வாய் அன்று. எங்கள் சபைச் சங்கத்துத் தீர்மானம்.

"ஒரு பித்தளைச் செம்பு போயிற்று, ஐயா. போனது செம்புதானே" என்று சொல்லிவிட்டு, கீரைக்காம்புகளை முறத்திலிருந்து தட்டினார்.

மறுநாள் காலையில் புதிய எருசலேம் ஆலயத்துக்குச் சென்று நெடுநேரம் அமர்ந்திருந்தேன். 1718 இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட ஆலயம் அது. அதைக் கட்டிய பர்த்தலோமேயு சீகன்பால்கு, மறு ஆண்டே, 1719 பிப்ரவரி 23 ஆம் நாளில், தமது முப்பத்தாறாம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்து அங்கேயே அடக்கம்பண்ணப்பட்டிருக்கிறார். அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாட்டை நமக்குக் கொடுத்தவர் என்று அவரை நன்றியோடு நினைவுகூருகிறோம். ஆனால் அன்று என் நினைவுக்கு வந்தது வேறு. 1706 ஜூலை 9 ஆம் நாளில் அவரும் புளூட்சோவும் கப்பலிலிருந்து தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது, அவர்கள் கையில் தேனிய அரசர் நான்காம் பிரெடெரிக்கின் ஆணை இருந்தது. அப்படியிருந்தும் கோட்டைத் தலைவர் அவர்களை மனக்கசப்போடே எதிர்கொண்டார். வரவேற்பாரும் தங்க இடம் காட்டுவாரும் இன்றி, அவர்கள் தெருவில் நிற்க நேரிட்டது.

அரசருடைய ஆணையை வைத்திருந்தவர்களுக்கே இடமில்லை. நம் மொழியில் சுவிசேஷம் அச்சேறுவதற்கு முன்பு, அதைக் கொண்டுவந்தவர் இரவு எங்கே படுப்பது என்று அறியாதவராய் ஒரு மீனவர் பட்டினத்துத் தெருவில் நின்றார். பின்பு, தமிழ்ச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதி நம் எழுத்துகளைக் கற்றுக்கொண்டார். அந்நியனாய் வந்தவரை இவ்வூர் மெல்லமெல்லத் தன் முற்றத்துக்குள் ஏற்றுக்கொண்டிராவிட்டால், நான் வாசிக்கும் வேதம் என் கைக்கு வந்திருக்குமோ? அப்படி வந்த வேதத்தைப் பிரசங்கிக்கிற நான், நனைந்து வந்த ஒருவரைக் கம்பிக்கு அப்பால் நிறுத்தினேன். ஆலயத்தின் குளிர்ந்த தரையை நோக்கியவாறே அமர்ந்திருந்தேன். ஜெபிக்கச் சொற்கள் வரவில்லை.

அன்று மாலை அம்மையார் விருந்தினர் பதிவேட்டில் கையொப்பமிடச் சொன்னார். பழைய பதிவேடுகளையும் காட்டுவீர்களா என்று கேட்டேன். பேத்தி மரப்பெட்டியிலிருந்து எடுத்துவந்தாள். நீளமான கணக்கு நோட்டுகள். பெயர், ஊர், வந்த நாள், சென்ற நாள், தொகை என்று கோடிட்ட பத்திகள். 2004 ஆம் ஆண்டுக்குரியதைப் புரட்டினேன். டிசம்பர் 24 ஆம் நாளோடு பெயர்கள் நின்றுவிட்டன. அடுத்த பெயர் மறு ஆண்டு மார்ச்சில்தான் வருகிறது. இடையில் ஒரு பக்கத்தில் பென்சிலால் சில வரிகள் மட்டும்: அரிசி, பருப்பு, குழந்தைகளுக்குப் பால், பாய், மண்ணெண்ணெய். பெயரும் இல்லை, தொகையும் இல்லை.

அந்த டிசம்பர் 26 ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை என்பது உங்களுக்கு நினைவிருக்கும். பண்டிகைக்கு மறுநாள். காலை ஒன்பது மணியளவில் ஆழிப்பேரலை அந்தக் கரையை வாரிக்கொண்டது. அந்நாளில் தரங்கம்பாடி நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்டத்தில் மாத்திரம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலோர் மீனவக் குடும்பத்தார். அவர்களுள்ளும் பெண்களும் பிள்ளைகளும் மிகுதி.

"கூச்சல் கேட்டு வாசலுக்கு வந்தேன், ஐயா" என்றார் அம்மையார். "தெரு நிறைய ஜனங்கள் ஓடிவந்துகொண்டிருந்தார்கள். உடம்பெல்லாம் சேறு. எங்கள் வாசற்படிக்குக் கீழே தண்ணீர் நின்றுவிட்டது. ஜனங்கள் நிற்கவில்லை. உள்ளே வந்துவிட்டார்கள்."

"எத்தனை பேர் இருந்தார்கள், அம்மா?"

"எண்ணவில்லை. முற்றத்தில் படுக்க இடமில்லாமல் சமையல் அறையிலும் படுத்தார்கள்."

"பெயர்களை ஏன் எழுதவில்லை?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "பெயர் கேட்டால் அழுதுவிடுவார்கள், ஐயா. தன் பெயரைச் சொல்லும்போது, கூட இருந்து போய்விட்டவர்கள் பெயரும் வாயில் வந்துவிடும். அதனால் கேட்கவில்லை" என்றார்.

காலஞ்சென்ற அவருடைய கணவர் ஒவ்வொரு நாளும் கரைக்குப் போய், காணாமற்போனவர்களைத் தேடுவாரோடு சேர்ந்து தேடினாராம். மருமகள் அப்பொழுது புதுப்பெண். தாயை இழந்த கைக்குழந்தை ஒன்றை இராமுழுதும் மடியில் வைத்திருந்தாராம். சிலர் ஒரு வாரத்தில் உறவினர் வீடுகளுக்குப் போனார்கள். வேறு சிலர், தற்காலிகக் குடியிருப்புகள் கட்டி முடியும்வரை அங்கேயே இருந்தார்கள்.

"சலிப்பு வரவில்லையா?" என்று கேட்டேன். ஒரு புனிதவதியின் பதிலை நான் எதிர்பார்த்திருக்கக்கூடும்.

"வந்தது, ஐயா. மூன்றாம் வாரத்தில் இவர்கள் எப்பொழுது போவார்களோ என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் உலை வைத்தேன்."

அன்றிரவு என் அறையில் லூக்கா பத்தாம் அதிகாரத்தைத் திறந்தேன். நல்ல சமாரியனைக் குறித்து எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஆசாரியனையும் லேவியனையும் கண்டித்திருக்கிறேன், சமாரியனைப் போற்றியிருக்கிறேன். அந்த உவமையில் இன்னொரு மனிதன் இருக்கிறான் என்பதை அன்றுதான் நின்று கவனித்தேன். அவன் சத்திரத்தான். அவனுக்குப் பேசும் சொல் ஒன்றுகூடக் கொடுக்கப்படவில்லை. சமாரியன் ஓர் இரவு தங்கிப் பராமரித்து, மறுநாள் தன் வழியே போகவேண்டியவனாயிருந்தான். அதற்குப் பின்பு காயத்துக்குக் கட்டு மாற்றியவனும், கஞ்சி ஊட்டியவனும், வலியால் முனகும் அந்நியனுக்குப் பக்கத்தில் விழித்திருந்தவனும் சத்திரத்தானாகத்தான் இருந்திருக்க வேண்டும். இரக்கத்தின் முதல் நாள் சமாரியனுடையது. மற்ற நாள்கள் அவனுடையவை.

பரிசுத்த லூக்கா இங்கே வழங்கும் கிரேக்கச் சொல் பந்தோகேயோன் என்பது. எல்லாரையும் ஏற்றுக்கொள்ளும் இடம் என்பது அதன் நேர்ப்பொருள். இயேசு பிறந்தபோது இடமில்லாதிருந்தது என்று இரண்டாம் அதிகாரத்தில் சொல்லுமிடத்தில் அவர் வழங்கியது வேறொரு சொல், கத்தாலூமா. ஒரு வீட்டின் விருந்தினர் அறையையும் அது குறிக்கும். கடைசி இராப்போஜனத்துக்கு ஆயத்தப்படுத்திய அறைக்கும் அச்சொல்லே வருகிறது. நம் தமிழ் வேதத்தில் இரண்டாம் அதிகாரத்திலும் பத்தாம் அதிகாரத்திலும் சத்திரம் என்றே படிக்கிறோம். பிறக்கும்போது தமக்கு இடம் கிடையாதவர், தாம் சொன்ன உவமையில் எல்லாரையும் ஏற்றுக்கொள்ளும் ஒரு சத்திரத்தைக் கட்டி வைத்தார். பூர்வ சபையின் பிதாக்களாகிய ஓரிகனும் அகுஸ்தீனும் அந்தச் சத்திரம் திருச்சபைக்கு அடையாளம் என்று கண்டார்கள். அப்படியானால் அதன் கதவுச் சாவி யார் கையில் இருக்கிறது? என் இடுப்பில் ஒரு சாவிக்கொத்து இருந்தது.

சமாரியன் சத்திரத்தான் கையில் கொடுத்தது இரண்டு பணம். ஒரு பணம் என்பது அக்காலத்தில் கூலியாளின் ஒருநாட் கூலி. நானும் அந்த மழையிரவில் பணம் கொடுத்தேன். அதையே என் மனச்சாட்சிக்கு இத்தனை நாளும் பதிலாகக் காட்டிவந்தேன்: வெறுங்கையாய் அனுப்பவில்லையே என்றேன். உவமையை மறுபடியும் வாசித்தபோது அந்தப் பதில் என் கையைவிட்டு நழுவிற்று. சமாரியன் தன் வாகனத்தில் ஏற்றி, கூடவே வந்து, இராத்தங்கிய பின்பு பணம் கொடுத்தான். காயப்பட்டவன் உள்ளே இருக்கும்படி கொடுத்தான். நான் கொடுத்ததோ அவர் வெளியே போகும்படி. இரண்டும் பணந்தான். ஒன்று கதவைத் திறந்துவைப்பதற்கான விலை; மற்றது கதவை மூடிக்கொள்வதற்கான விலை.

பிரியமானவர்களே, இது என் ஒருவனுடைய சோதனை அன்று என்று அஞ்சுகிறேன். நாம் தாராளமாய்க் கொடுக்கிற ஜனம். காணிக்கைப் பையிலும் நிவாரண நிதியிலும் குறைவைப்பதில்லை. ஆனால் முதிர்ந்த உறவினர் ஒருவருக்கு மாதந்தோறும் பணம் அனுப்பிவிட்டால், அவர் நம் வீட்டுக்கு வந்து தங்காமலிருப்பதே நலம் என்று எண்ணுகிறோம். சபையில் புதிதாய் வந்தவருக்குக் கைகுலுக்கலும் தேநீரும் கொடுத்து, நம் மேசைக்கு அழைக்காமல் விட்டுவிடுகிறோம். அந்நியனாயிருந்தபோது தம்மைச் சேர்த்துக்கொண்டீர்களா என்றுதான் மத்தேயு இருபத்தைந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் கேட்கிறார். விருந்து என்னும் தமிழ்ச் சொல்லின் பழம் பொருளும் புதுமை என்பதே. முன்பின் அறியாத புதியவரே விருந்தினர்.

முறுமுறுப்பில்லாமல் உபசரிக்க வேண்டுமென்று அப்போஸ்தலனாகிய பேதுரு தமது முதல் நிருபத்தில் எழுதுகிறார். முறுமுறுப்பு வரும் என்பதை அவர் அறிந்திருந்தபடியினாலேயே அப்படி எழுதியிருக்க வேண்டும். மூன்றாம் வாரத்துச் சலிப்போடும் உலை வைத்த அந்த அம்மையாரை நினைக்கும்போது, மனம் முழுதும் இனிமையாகும்வரை காத்திருந்து பின்பு கதவைத் திறக்கலாம் என்று எண்ணுவது எவ்வளவு பெரிய தப்பிதம் என்று விளங்குகிறது.

மூன்றாம் நாள் புறப்படும்போது கணக்கைத் தீர்த்தேன். அதன் மேல் ஒரு சிறு தொகையை அம்மையார் முன் வைத்து, "வழியில்லாமல் வருகிற யாருக்காவது வைத்துக்கொள்ளுங்கள், அம்மா" என்றேன். சமாரியனைப் போலச் செய்துவிட்டதாக ஒரு நொடி எனக்கு ஆறுதலாயிருந்தது என்பதும் உண்மை.

அவர் அதைத் திருப்பி என் கையிலேயே வைத்தார். "எங்களுக்கு இருக்கிறது, ஐயா. உங்கள் ஊரிலும் மழை பெய்யுமே. அங்கே வருகிறவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்."

என் வாயிலில் நின்றவரைக் குறித்து நான் அவரிடம் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

ஊர் திரும்பிய பின்பு சபைச் சங்கத்தைக் கூட்டி, இதை எல்லாம் மறைக்காமல் சொன்னேன். விவாதம் எளிதாயிருக்கவில்லை. களவைக் குறித்த பயம் நியாயமானது. பெண்கள் விடுதி அருகிலிருப்பதைச் சொன்னவர்கள் சொன்னதும் நியாயமே. இறுதியில், ஆலய மண்டபத்தை ஒட்டிப் பழைய நாற்காலிகள் அடைந்துகிடந்த அறையை ஒழித்து, இரண்டு கட்டில் போட்டு, தெருப்பக்கமாகத் தனி வாசல் வைத்திருக்கிறோம். இராக்காவலுக்கு வாலிபர் இருவர் முன்வந்தார்கள். இதுவரை நான்கு பேர் தங்கிப் போயிருக்கிறார்கள். ஒருவர் போகும்போது போர்வையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். சங்கத்தில் அதை அறிவித்தபோது, "போனது போர்வைதானே" என்று சொல்ல எனக்கு வாய் வந்தது.

அந்த மழையிரவில் வந்தவரை நான் பேருந்து நிலையத்திலும் கடைத்தெருவிலும் விசாரித்தேன். அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அம்மையாரும் பெயர் கேட்கவில்லை. ஆனால் அவர் கேளாததற்கும் நான் கேளாததற்கும் உள்ள தூரம் பெரிது. அவர் இன்னும் கிடைக்கவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்க இயலாமலே போகலாம். அந்த அறையின் வாசலில் மாலைதோறும் விளக்கைப் போடுகையில் அவரை நினைத்துக்கொள்கிறேன். இவ்வாரத்தில் உங்கள் கதவைத் தட்டுகிறவர் எவராயிருந்தாலும், பணப்பையைத் திறக்குமுன்னே தாழ்ப்பாளைத் திறக்க ஆண்டவர் உங்களுக்குக் கிருபை செய்வாராக.

ஜெபம்: எங்கள் பரம பிதாவே, தங்க இடமில்லாதவராய் எங்கள் நடுவில் வந்து பிறந்த உமது குமாரனுக்காக உம்மைத் துதிக்கிறோம். பணத்தைக் கொடுத்து மனிதரை அனுப்பிவிட்ட வேளைகளை மன்னியும். மழையில் நின்றவரை நீர் அறிவீர். அவர் எங்கேயிருந்தாலும் அவருக்கு ஒரு கூரையைத் தாரும். எங்கள் வீடுகளையும் சபைகளையும் எல்லாரையும் ஏற்றுக்கொள்ளும் சத்திரங்களாக்கும். சலிப்பு வரும் நாளிலும் உலை வைக்கப் பெலன் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.